மரத்தடியில் ரெக்கார்டு நோட்டு: உயர்நிலைப் பள்ளி மாணவர்களோடு இயற்கையை வரைந்தும் அளந்தும் அறிவதற்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அறிவியல் பாடத்துக்கு வாங்கும் ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் வெள்ளைத்தாளாகவும் எதிர்ப்பக்கம் கோடிட்ட தாளாகவும் இருக்கும். கண்டதை ஒரு பக்கம் வரைந்து, அதைப் பற்றி மறுபக்கம் எழுத வேண்டும் என்ற நல்ல எண்ணம் அந்த அமைப்பிலேயே இருக்கிறது. நடைமுறையிலோ, செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தைப் பாடநூலைப் பார்த்து வரைந்து, பாகங்களைக் குறித்து, ஆசிரியரிடம் கையொப்பம் வாங்குவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. பள்ளி வேலியோரம் பூத்திருக்கும் செம்பருத்தியை அதே மாணவர் ஒரு முறையேனும் பிரித்துப் பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

அந்த நோட்டை மரத்தடிக்குக் கொண்டுபோவது எப்படி என்பதை, இதுவரை வகுப்பறைக்கு வெளியே பாடம் நடத்திப் பழகாத ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன். அறிவியல் ஆசிரியர், ஓவிய ஆசிரியர், சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாளர் ஆகிய மூவரில் எவரும் இதைத் தொடங்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அறிவியலை முடித்துவிட்டு நேரம் மிஞ்சினால் படம் வரையலாம் என்ற ஏற்பாடு பலன் தராது. வரைவதுதான் இங்கே கவனிக்கும் வழி. அளவும் படமும் ஒரே பாடவேளையில், ஒரே விரிப்பில், அதாவது நோட்டைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்களில், அமைய வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

புதியவர்கள் பெரும்பாலும் சுற்றுலாவில் தொடங்குகிறார்கள். பேருந்து பிடித்து, வேடந்தாங்கலையோ முதுமலையையோ ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் பயணம் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் கவனிக்கும் பழக்கம் அதில் வராது, ஏனெனில் கண்ட எதையும் அவர்கள் இரண்டாம் முறை காண்பதில்லை. பள்ளி வளாகத்திலோ நடந்து செல்லும் தொலைவிலோ உள்ள ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுவதும் அதனிடமே திரும்பத் திரும்பச் செல்லுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு, சரக்கொன்றை, புளி ஆகிய ஐந்தில் ஒன்றாவது இல்லாத ஊர் அரிது.

பள்ளி ஆண்டு ஜூன் மாதம் தொடங்குகிறது என்பதை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுங்கள். வேம்பை எடுத்துக்கொண்டால், மாணவர்கள் முதலில் காண்பது ஆனி, ஆடி மாதங்களில் தரையில் சிதறும் பழங்களையும், அவற்றைத் தின்ன வரும் குயில், மைனா, காகங்களையும்தான். மாசி, பங்குனியில் இலையுதிர்ந்து செம்புநிறத் தளிர் விடுவதையும், அதை ஒட்டிப் பூப்பதையும் ஆண்டின் கடைசியில் காண்பார்கள். எனவே வேம்பின் கதையைக் கனியிலிருந்து தொடங்கி, விதை, நாற்று என்று சென்று பூவில் முடிக்க வேண்டியிருக்கும். பூவரசில் இந்தக் கவலை இல்லை. ஆண்டின் பெரும்பகுதி அதில் பூ கிடைக்கும். முதல் ஆண்டுக்கு நான் பரிந்துரைப்பது பூவரசு. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய பிள்ளைகளுக்கு அந்த மரத்தோடு ஏற்கெனவே ஓர் உறவும் உண்டு.

வகுப்பு, நேரம், அனுமதி

பத்தாம் வகுப்பைத் தவிர்த்து எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் தொடங்குங்கள். பொதுத்தேர்வு ஆண்டில் எவ்வளவு நல்ல முயற்சியும் ஆகஸ்டு மாதத்திலேயே நின்றுவிடும். வாரம் ஒரு பாடவேளை போதும். அது முதல் பாடவேளையாகவோ கடைசிப் பாடவேளையாகவோ இருக்கட்டும், ஏனெனில் நண்பகல் வெயிலில் பறவைகளும் இல்லை, பொறுமையும் இல்லை. பல அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் பகுதிநேரமாக வாரத்தில் சில அரைநாட்கள் மட்டுமே வருவார். அவர் வரும் நாளோடு உங்கள் அறிவியல் பாடவேளையைப் பொருத்திக்கொள்ள முடிந்தால் வேலை பாதியாகக் குறையும். தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். அதில் மரம் நிற்கும் இடம், கிழமை, நேரம், உடன் வரும் ஆசிரியர் ஆகிய விவரங்கள் இருக்கட்டும்.

முந்தைய நாள் மாலை அந்த இடத்துக்குத் தனியாகச் சென்று பாருங்கள். குளவிக்கூடு, கண்ணாடித் துண்டு, பாம்புப் புற்று, அறுந்த மின்கம்பி ஆகியவை உங்கள் கண்ணில்தான் முதலில் பட வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும் என்பதையும், அரளியின் எந்தப் பகுதியும் நஞ்சு என்பதையும், மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொடக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இவற்றைத் தவிர வேறு எச்சரிக்கைகளால் பிள்ளைகளைப் பயமுறுத்தத் தேவையில்லை.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. ஆளுக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு, அதற்கு அடியில் வைத்துக்கொள்ளப் பரீட்சை அட்டை, பென்சில், 15 செ.மீ. அளவுகோல், நால்வர் குழுவுக்கு ஒரு கை லென்ஸ், ஒரு தையல்காரர் அளவுநாடா, ஒரு நூற்கண்டு. லென்ஸ் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதாக இருந்தால் போதும். அழிரப்பரை வகுப்பறையிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். காரணம் கீழே வருகிறது.

“எனக்கு ட்ராயிங் வராது மிஸ்”

ஆறாம் வகுப்புப் பிள்ளை தயங்காமல் வரையும்; பதின்மூன்று, பதினான்கு வயதில் அந்தத் துணிவு போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவர் சிரித்துவிடுவாரோ என்ற கூச்சம்தான் இந்த வயதின் முதல் தடை. இதைப் பேசிக் கரைக்க முடியாது. எல்லோருடைய படமும் கோணலாகவே வரும்படியான ஒரு பயிற்சியைக் கொடுப்பதுதான் வழி.

ஒவ்வொருவரும் உதிர்ந்த இலை ஒன்றை இடக்கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பென்சில் முனையைத் தாளில் வைத்த பிறகு தாளைப் பார்க்கவே கூடாது. கண் இலையின் விளிம்பில் எறும்பு ஊர்வதைப் போல மெதுவாக நகர வேண்டும். கண் நகரும் வேகத்திலேயே கையும் நகர வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துத் தாளைப் பார்த்தால், இலை என்று யாரும் நம்ப முடியாத ஒரு கோட்டுக் கிறுக்கல் இருக்கும். வகுப்பே சிரிக்கும், எல்லோரும் சிரிப்பதால் எவரும் கூச மாட்டார்கள். ஆனால் அதே கிறுக்கலில், புழு அரித்த பள்ளமும், காம்பு சேருமிடத்து வளைவும் இடம்பெற்றிருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள். அடுத்து, தாளைப் பார்த்தபடியே அதே இலையை ஐந்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். பாடநூலில் உள்ள ‘பொதுவான இலை’ போய், கையில் உள்ள இலை தாளில் வரத் தொடங்கும்.

அழிரப்பர் வேண்டாம் என்பதன் காரணம் இதுதான். தவறான கோட்டின் பக்கத்தில் சரியான கோட்டை இன்னும் அழுத்தி வரையட்டும். முதலில் எப்படி நினைத்தோம், பிறகு எப்படிக் கண்டோம் என்ற இரண்டும் பக்கத்தில் நிற்கும். ஆய்வுக்கூடப் பதிவில் அளவீட்டை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துத் திருத்துவதும் இதே வழக்கம்தான்.

ஒரு விரிப்பின் ஒழுங்கு

வெள்ளைப் பக்கத்தின் மேல் மூலையில் தேதி, நேரம், இடம், வானிலை ஆகியவற்றை எழுதிய பிறகே பென்சில் படத்துக்குச் செல்ல வேண்டும். ‘வெயில்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், ‘மேகமூட்டம், நேற்று இரவு மழை, காற்று இல்லை’ என்ற அளவுக்கு எழுதப் பழக்குங்கள். படத்தின் அருகில் உண்மையான நீளமும், படம் அதன் எத்தனை மடங்கு என்பதும் இருக்க வேண்டும்: இதழ் 5 செ.மீ., படத்தில் 10 செ.மீ. என்றால் ‘× 2’. கோடிட்ட பக்கத்தில் எண்ணியவையும் அளந்தவையும் முதலிலும், விடை தெரியாத கேள்வி ஒன்றாவது இறுதியிலும் வரட்டும்.

பெயரை மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். மரத்தின் பெயரையோ பூச்சியின் பெயரையோ நீங்கள் முதலில் சொல்லிவிட்டால், மாணவர் அதை எழுதிக்கொண்டு தலையை நிமிர்த்திவிடுவார். பார்க்க வேண்டியது முடிந்துவிட்டது என்ற நிறைவு அவருக்கு வந்துவிடும். பெயர் தெரியாதவரை, ‘ஆறு கால், சிவப்பு முதுகில் கருப்புப் புள்ளி, காய் மேல் கூட்டமாக’ என்று எழுதியாக வேண்டியிருக்கும். பூவரசங்காயில் கூடும் சிவப்புப் பருத்திப் பூச்சியை இப்படி விவரித்த பிறகு அதன் பெயரைச் சொன்னால், பருத்திக்கும் பூவரசுக்கும் என்ன உறவு என்ற கேள்வி தானாக எழும். இரண்டும் ஒரே குடும்பம். செம்பருத்தியும் வெண்டையும் அதே குடும்பந்தான்.

ஒரே பூ, மூன்று வேளை

ஆண்டில் ஒரேயொரு பாடத்தைத்தான் நடத்த முடியும் என்றால் இதை நடத்துங்கள். பூவரசம்பூ காலையில் வெளிர் மஞ்சளாக, நடுவில் கருஞ்சிவப்புப் புள்ளியோடு விரியும். பொழுது சாயச் சாய இதழ்களில் செந்நிறம் ஏறி, சுருங்கி, பிறகு உதிரும். கிளையில் கைக்கெட்டும் பூவொன்றின் காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்து, காலை வழிபாட்டுக்கு முன், மதிய உணவு இடைவேளையில், பள்ளி விடும் நேரத்தில் என மூன்று முறை அதே பூவைப் பத்துப் பத்து நிமிடம் வரைய வேண்டும். பாடவேளை எதையும் இதற்காக இழக்க வேண்டியதில்லை.

வண்ணம் தீட்டும்போதுதான் ஓவிய ஆசிரியரின் துணை வேண்டும். பெட்டியில் உள்ள ‘மஞ்சள்’ பென்சிலை எடுத்துத் தீட்டுவதைத் தடுத்து, தாளின் ஓரத்தில் சிறு கட்டங்கள் போட்டு, மஞ்சளோடு சிறிது வெள்ளை, மஞ்சளோடு சிறிது சிவப்பு என்று கலந்து பார்த்து, பூவின் அருகில் பிடித்து ஒப்பிட்டு, எது பொருந்துகிறதோ அதன் விகிதத்தை எழுதச் சொல்ல வேண்டும். காலை, மதியம், மாலைக் கட்டங்களை வரிசையாக வைத்தால், நிறமாற்றத்தின் அளவுகோல் ஒன்று மாணவர் கையாலேயே உருவாகிவிடுகிறது.

அடுத்த வாரம் கேள்விக்குச் செல்லலாம். பூ ஏன் சிவக்கிறது என்று கேட்டால், வெயிலால் என்பார்கள் சிலர். வயதானதால் என்பார்கள் சிலர். வண்டு வந்துபோனதால் என்று ஒருவராவது சொல்வார். விடையைச் சொல்லிவிடாமல், எதை எப்படிச் சோதிப்பது என்று அவர்களையே திட்டமிடச் சொல்லுங்கள். விரியப்போகும் மொட்டு ஒன்றை மெல்லிய வலைத்துணியால் மூடிக் கட்டினால் வண்டு வராது. இன்னொரு மொட்டைக் கருப்புத் துணியால் மூடினால் வெயிலும் வராது. மூன்றாவதைத் திறந்தே விடலாம். ஒவ்வொரு வகையிலும் ஒரு பூ போதாது, குறைந்தது ஐந்து பூக்கள் வேண்டும் என்பதை அவர்கள் வாயிலிருந்தே வரவழைக்க முடிந்தால், கட்டுப்பாட்டுச் சோதனை பற்றிய பாடம் நடந்துவிட்டது. விடையைப் பதிவு செய்ய முன்பு செய்த நிறக்கட்டங்கள் இருக்கின்றன; ஓவியம் இல்லாவிட்டால் ‘கொஞ்சம் சிவப்பு, ரொம்பச் சிவப்பு’ என்பதற்கு மேல் இந்தச் சோதனையில் எதையும் எழுத முடிந்திருக்காது.

இதைத் தொடர்ந்து உதிர்ந்த பூ ஒன்றைப் பிரித்து வரையலாம். சூலகத்தண்டைச் சுற்றி மகரந்தத்தாள்கள் குழாயாக இணைந்திருப்பதை லென்ஸில் கண்டபின், பாடநூலின் செம்பருத்திப் படத்தை எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். அந்தப் படம் அப்போதுதான் அவர்களுக்குப் பொருள்படும்.

பிரித்த பாகங்களைத் தாளில் எப்படி அடுக்குவது என்பதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ராபர்ட் வைட் என்ற மருத்துவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள். கிளை முழுவதும் தாளின் பெரும்பகுதியை நிரப்ப, பூவின் வெட்டுத்தோற்றமும் விதையும் பெரிதாக்கப்பட்டுக் கீழ்வரிசையில் நிற்கும் அமைப்பு அவ்வகைப் படங்களில் வழக்கமானது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் கோவிந்துவின் பெயரைச் சூட்டினார். மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது, ‘படம் வரைபவருக்கு அறிவியலில் என்ன வேலை’ என்று வீட்டில் கேட்பவர்களுக்கும் அவர்கள் கையில் ஒரு விடை கிடைக்கும்.

நிறத்தைக் கொண்டே வேதியியல்

மழை பிடித்துக்கொண்டு வெளியே செல்ல முடியாத ஐப்பசி, கார்த்திகை வாரங்களுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். நீலச் சங்குப்பூக்களைச் சுடுநீரில் ஊறவைத்தால் ஆழ்ந்த நீலச்சாறு கிடைக்கும். அதைத் தடித்த தாளில் தூரிகையால் பூசிக் காயவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த குச்சியால் வரைந்தால் கோடு இளஞ்சிவப்பாகும். சமையல் சோடாக் கரைசலால் வரைந்தால் பச்சை கலந்த நீலமாகும். மஞ்சள் தூள் பூசிய தாளில் சுண்ணாம்புத் தெளிநீர் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் எல்லோரும் கண்டதுதான், ஆனால் அமிலம், காரம் என்ற பாடத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. தாளை நாசூக்காக அலங்கரிப்பதல்ல நோக்கம்: எந்தத் திரவம் எந்த நிறம் தந்தது என்ற அட்டவணை ஓவியத்தின் பின்புறத்தில் இருக்க வேண்டும். இந்த நிறங்கள் நாளடைவில் மங்கிவிடும். எனவே முதல் நாளும் ஒரு மாதம் கழித்தும் ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து ஒப்பிடலாம்.

எண்கள்

மரத்தின் உயரத்தை நிழலைக் கொண்டு கணக்கிடுவது ஒத்த முக்கோணங்களின் நேரடிப் பயன்பாடு: 1 மீட்டர் குச்சியின் நிழல் 80 செ.மீ., அதே நேரத்தில் மரத்தின் நிழல் 6.4 மீட்டர் என்றால் மரம் 8 மீட்டர். அடிமரத்தின் சுற்றளவை எப்போதும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும்; இந்தியாவில் வனத்துறையினர் பின்பற்றும் உயரம் இது. இலையின் பரப்பளவுக்கு அதை வரைபடத்தாளில் வைத்து விளிம்பை வரைந்து, பாதிக்கு மேல் நிரம்பிய கட்டங்களை ஒன்றாகவும் மற்றவற்றை விட்டும் எண்ணினால் போதும். வெயில்படும் உச்சிக் கிளையின் இலைகளையும் உள்நிழலில் உள்ளவற்றையும் பத்துப்பத்தாக அளந்து சராசரி காணச் சொல்லுங்கள். நிழல் இலைகள் பொதுவாக அகன்றும் மெலிந்தும் இருக்கும்.

மற்றவர்களோடு சேர்ந்து பதிதல்

இரண்டு மாதம் பழகிய பிறகு, உங்கள் பதிவுகளை, பொதுமக்களே கண்டு பதிந்து அனுப்பும் மக்கள் அறிவியல் திட்டங்களில் சேர்க்கலாம். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் ஒரு மரத்தைப் பதிவு செய்து, வாரந்தோறும் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், கனி ஆகியவை இல்லை, சில, பல என்ற மூன்று நிலைகளில் எது என்று குறித்தால் போதும். 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று கண்ட பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஊருக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கிருந்தே எண்ணி எழுதிவரலாம். அந்தத் தளங்களில் தொடங்கும் கணக்கு, பொறுப்பாசிரியரின் பெயரில் இருக்கட்டும். மாணவர்களின் பெயரும் முகமும் இணையத்துக்குச் செல்ல வேண்டியதில்லை.

பறவைகள் நிற்பதில்லை என்பதால் அவற்றை வரைய வேறு உத்தி வேண்டும். உடலுக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம், வால் சாயும் கோணத்துக்கு ஒரு கோடு. பறவை பறந்துவிட்டால் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்க வேண்டும். பத்து அரைகுறைப் படங்களில் வாலாட்டும் கரிச்சானும் தரையில் நடக்கும் மைனாவும் வேறுபட்டுத் தெரியும்.

மதிப்பெண்ணும் கண்காட்சியும்

அழகுக்கு மதிப்பெண் போடாதீர்கள். தேதியும் வானிலையும் உள்ளனவா, அளவு உள்ளதா, சென்ற வாரத்தோடு ஒப்பீடு உள்ளதா, கேள்வி உள்ளதா என்ற நான்கையும் பார்த்தால் போதும். போட்டியாகவும் மாற்ற வேண்டாம். சுற்றுச்சூழல் தினத்து ஓவியப் போட்டிகளில் அழும் பூமியும், கண்ணீர் விடும் வெட்டுண்ட மரமும் ஆண்டுதோறும் வரிசையாகப் பரிசு பெறுகின்றன. அந்த மரம் எந்த மரம் என்று வரைந்தவரிடம் கேட்டால் பதில் இருக்காது. அதற்குப் பதிலாக, வாரத்துக்கு ஒருவர் வரைந்த பக்கம் என்று தேர்ந்தெடுத்து, ஜூன் முதல் மார்ச் வரை ஒரே மரத்தின் படங்களைத் தாழ்வாரச் சுவரில் வரிசையாக ஒட்டிவாருங்கள். திறமையான கையும் திறமையற்ற கையும் கலந்தே இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்கள் அந்தச் சுவரின் முன் நிற்பார்கள். மாணவர் தம் பக்கத்தைக் காட்டி விளக்குவார். வேறு மேடை தேவையில்லை.

ஆண்டு முடிவில்

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் ரெக்கார்டு நோட்டுகள் எடைக்குப் போய்விடும். அதற்கு முன், மரத்தைப் பற்றிய வாராந்திரப் பதிவுகளை மட்டும் ஒரு தனிப் பதிவேட்டில் தேதிவாரியாகப் படியெடுக்கச் செய்து பள்ளி நூலகத்தில் வைத்துவிடுங்கள். மே மாதத்தில் பள்ளிக்கு அருகில் வசிக்கும் இரண்டு மாணவர்களிடம் வாரம் ஒரு முறை மரத்தைப் பார்த்துக் குறித்துவைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். கோடையில் நான்கைந்து வாரம் விடுபட்டால், மரம் எப்போது தளிர்த்து எப்போது பூத்தது என்பதே பல இனங்களில் தெரியாமல் போகும். ஜூனில் வரும் புதிய எட்டாம் வகுப்பிடம் பதிவேட்டையும் நூற்கண்டையும் லென்ஸ்களையும் பழைய மாணவர்களே ஒப்படைத்து, முதல் வாரப் பதிவை அவர்களோடு சேர்ந்து எழுதட்டும். அந்த வாரத்துப் பக்கத்துக்கு நேரே சென்ற ஆண்டின் அதே வாரப் பக்கத்தையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.